பாட்டு நின்ற இடத்துக்கு எத்தனை புள்ளி

நடுவர் நாற்காலியில் புதிதாக உட்காரப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "டீச்சர், கலைநயம் என்பதும் இசையை உணர்ந்து ஆடுவது என்பதும் ஒன்றுதானே?" ஒன்றில்லை பிள்ளைகளே. ஒன்றென்று நினைத்துக்கொண்டே காலமெல்லாம் புள்ளி போட்டு, கடைசியில் பொன்னாடையும் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நீங்களும் அப்படியே சௌகரியமாக இருந்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி, பியானோ டீச்சர். கணவருக்குத் துபாய்த் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தேன். ஐஸை அதுவரை நான் பார்த்தது சர்பத்துக்குள் மட்டும்தான். அங்கேயோ வெளியே தார் உருகுகிற வெயிலடிக்க, உள்ளே பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஐஸ் மேல் சறுக்கினார்கள். பாலைவனத்தில் பனித்தளம் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் காசு இருக்கிறவனிடம் ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை.

பனிச்சறுக்கு நடனப் போட்டிக்கு ஆடுகிற பிள்ளைகள் ஆறு நிமிடப் பாட்டைக் கசெட்டில் கொண்டுவருவார்கள். ஆட்டமோ மூன்றரை நிமிடம். பாட்டைக் கொல்லாமல் வெட்டித் தர ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார் பனித்தளத்து மேனேஜர். அவர் லெபனான்காரர், நல்ல மனிதர், எதற்கும் நேரமில்லாதவர். அப்படித்தான் நான் உள்ளே நுழைந்தேன். பிறகு ஒரு போட்டிக்கு ஐந்து நடுவர்கள் வேண்டியிருந்தது, நாலு பேர்தான் அகப்பட்டார்கள். "உனக்கு மியூசிக் தெரியும். நீ ஜட்ஜ். கலாஸ், முடிந்தது" என்றார். எனக்குக் கிடைத்த நியமனக் கடிதம் அவ்வளவுதான்.

மற்ற நாலு பேர் மட்டும் வானத்திலிருந்து குதித்தார்கள் என்று நினைக்காதீர்கள். தலைமை நடுவர் ஓர் ஆங்கிலேய மேடம். கம்பெனி அதிகாரியின் மனைவி. சின்ன வயதில் தன் ஊர்க் குளம் உறைந்தபோது அதன் மேல் சறுக்கியவர். இரண்டாமவர் கனடாக்காரர், எண்ணெய்க் கம்பெனி எஞ்ஜினியர். ஐஸ் ஹாக்கி ஆடி முன்பல் இரண்டைப் பறிகொடுத்தவர் என்பதால் ஐஸைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்று முடிவாகியிருந்தது. மூன்றாமவர், பரிசுகளுக்குப் பணம் தருகிற கைக்கடிகாரக் கடையின் பம்பாய்க்கார மேனேஜர். நாலாமவர் ஒரு விளையாட்டு மாஸ்டர். மேடம் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் பேனாவைத் திறப்பார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு புள்ளி. ஜம்ப், ஸ்பின் எல்லாம் எப்படி என்பதற்கு முதலாவது. கலைநயத்துக்கு இரண்டாவது. இரண்டுக்கும் ஆறுதான் உச்சம். ஆடுகிறவள் பாட்டைக் காதால் கேட்டு ஆடுகிறாளா என்பதும் அந்த இரண்டாவது புள்ளிக்குள்தான் எங்கோ ஒரு மூலையில், கல்யாண வீட்டுக்கு வந்த ஏழை உறவுக்காரரைப்போல ஒதுங்கி நின்றது. இப்போது பெயர்களும் கட்டங்களும் மாறிவிட்டன என்கிறீர்கள். நல்லது. ஏழை உறவுக்காரருக்கு உட்கார நாற்காலி கிடைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

எங்களுக்குப் பயிற்சி தர ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து ஒரு நிபுணரை விமானத்தில் கொண்டுவந்தார்கள். "கலைநயம் என்றால் என்ன?" என்று கேட்டோம். "பார்த்தால் உங்களுக்கே தெரியும்" என்றார். அத்தோடு காலை வகுப்பு முடிந்தது. பிற்பகல் வகுப்பு நடக்கவில்லை, மனைவிக்கு வளையல் வாங்க அவரை நகைச் சந்தைக்கு யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் பல வருடம் குடும்பம் நடத்தினோம்.

பார்த்தால் தெரியும் என்றால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். கரோலின் என்று ஒரு பிள்ளை. தங்கமான குணம். ஆனால் மணிக்கட்டை மடிப்பது, கண்ணை மேலே தூக்குவது, உதட்டைக் கொஞ்சம் பிரித்துப் பெருமூச்சு விடுவது என்று எல்லாவற்றையும் பயிற்சியாளர் அவளுக்குள் சாவி கொடுத்து வைத்திருந்தார். ஒருநாள் ஒத்திகையில் கசெட் பெட்டி மாறிவிட்டது. டாங்கோ வரவேண்டிய இடத்தில் யாருடையதோ வால்ட்ஸ் ஓடியது. ஒன்று நாலடித் தாளம், மற்றது மூன்றடி. தவில் கச்சேரிக்குத் தாலாட்டு வைத்ததுபோல இருந்தது. கரோலின் அசரவில்லை. அதே மணிக்கட்டு, அதே கண், அதே பெருமூச்சு. முடிந்ததும் மேடம் கைதட்டி, "எவ்வளவு உணர்ச்சி" என்று கண்ணைத் துடைத்தார். நான் மெதுவாக, "மேடம், பாட்டு மாறிவிட்டது" என்றேன். "அப்படியா? அப்படியென்றால் இன்னும் பெரிய திறமை" என்றார்.

இதற்கு நேர் எதிர் நிலானி. பதின்மூன்று வயது, எங்கள் ஊர்ப் பிள்ளை. தகப்பன் சிவராசா ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்காளர். இவள் ஆடும்போது முகத்தைப் பார்த்தால் விளக்கெண்ணெய் குடித்தவள் மாதிரி இருக்கும். தோளைக் குறுக்கிக்கொள்வாள், சிரிக்க மாட்டாள். ஆனால் பிள்ளைகளே, அவளுடைய கால் பாட்டுக்குள் இருக்கும். பாட்டு ஒரு கணம் மூச்சு வாங்குகிற இடத்தில் சப்பாத்துக் கத்தியின் ஓரத்தில் அவளும் ஒரு கணம் தங்குவாள். கண்ணை மூடிக்கொண்டு பனியில் அவள் கால் உரசுகிற சத்தத்தை மட்டும் கேட்டால்கூட என்ன பாட்டு என்று நான் சொல்லிவிடுவேன். இதற்கு மேடம் தருகிற இரண்டாவது புள்ளி எப்போதும் நாலரையைத் தாண்டாது. "அந்தப் பிள்ளைக்கு முகமே இல்லை" என்பார்.

சிவராசா மகளைக் கொண்டுவந்து விடுவார், கூட்டிக்கொண்டு போவார். இடையில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பனிப்பக்கம் தலை திரும்பி நான் கண்டதில்லை. பெரிய போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பு என்னிடம் வந்தார்.

"இஞ்ச பாருங்கோ டீச்சர், நான் ஒளிச்சுக் கதைக்கிற ஆள் இல்லை. எனக்கு ஓமானில சோஹார் சைட்டுக்கு மாத்தல் வந்திட்டுது. அங்க ஐஸ் எண்டால் மீன் பெட்டிக்குள்ளதான் கிடக்கும். பிள்ளை இந்தமுறை முதலாவதா வந்தால் இஞ்ச சித்தி வீட்டில நிண்டு படிக்கட்டும், இந்தத் துள்ளலையும் துள்ளட்டும். வராட்டி எங்களோட வரவேண்டியதுதான்."

"அவளுக்கு இது உயிர் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"உயிரோ மயிரோ எனக்குத் தெரியாது. குமராகப் போற பிள்ளையை இன்னொரு வீட்டில விடுறதெண்டால் ஒரு காரணம் வேணும். இனசனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது? முதலாவதா வந்தாள் எண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பினம்."

நிலானி பக்கத்திலேயே நின்று சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நான் நடுவர், ஒன்றும் சொல்லக்கூடாது. அதுவும் என் ஊர்ப் பிள்ளை, அவள் கசெட்டை வெட்டிக்கொடுத்ததும் நான். ஒரு சொல் கூடச் சொன்னாலும் "சொந்தக்காரி தூக்கிவிடுகிறாள்" என்பார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போய்க் கணவரோடு சண்டை போட்டேன், அந்த மனுசனுக்கு ஏனென்றே விளங்கவில்லை.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். மாலை மஃரிப் தொழுகைக்கு வெகுமுன்னரே முடிந்துவிடும் என்றுதான் திட்டம் போட்டார்கள். திட்டத்தில் பிரதம விருந்தினரைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அவர் வந்தபோதே பாதி நேரம் போய்விட்டது. வந்தவருக்குப் பூச்செண்டு, பூச்செண்டு கொடுத்தவருக்கு நன்றி, நன்றி சொன்னவருக்குக் கைக்கடிகாரம். பிறகு கடிகாரக் கடை மேனேஜர் நேரத்தின் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். குட்டைப் பாவாடைப் பிள்ளைகள் குளிரில் விறைத்து நின்றார்கள். எங்கள் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு "யல்லா, யல்லா, சீக்கிரம்" என்று முணுமுணுத்ததுதான் அன்றைக்கு நடந்த ஒரே உருப்படியான பேச்சு.

கரோலின் முதலில் ஆடினாள். மணிக்கட்டு, கண், பெருமூச்சு எல்லாம் ஒழுங்காக நடந்தேறின. நிலானிதான் கடைசி.

அவளுடைய பாட்டு ஒரு போல்கா. துள்ளுகிற, குறும்பான கிராமத்து நடனம். நடுவில் பாட்டு இரண்டு தட்டுத் தட்ட, ஆடுகிறவளும் தலைக்கு மேல் கை தூக்கி இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அது திரும்பத் திரும்ப வரும். அவள் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், முதல் ஜம்ப் முடிந்தது, அடுத்த தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாங்கு கேட்டதும் பாட்டை நிறுத்திவிடவேண்டும். கடையோ, ஓட்டலோ, டாக்ஸியோ, எல்லா இடத்திலும் அதுதான் மரியாதை. பாட்டுப் போடும் அறையில் இருந்தவர் நாகூர்க்காரர், அவர்கள் அண்ணனைச் சொல்வதுபோல நானும் நானா என்று கூப்பிடுவேன். முன்பு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்ச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டது. கசெட்டை நிறுத்தவில்லை. உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, வெளியே ஒரு சத்தமும் இல்லை.

யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள், நிற்பதுதான் முறையும். நிலானி பாட்டு அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். நிற்கவில்லை. பாங்குச் சத்தமும் அவளுடைய கால் உரசுகிற சத்தமும் மட்டும்தான் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் கேட்டன. கைதட்டுகிற இடம் வந்தது. அவள் கையைத் தூக்கவில்லை. கீழே விட்டபடி அடியை மட்டும் வைத்துக்கொண்டு போனாள். மறுபடியும் அந்த இடம் வந்தது, மறுபடியும் தட்டவில்லை. பயத்தில் மறந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன்.

அந்தப் பள்ளிவாசலில் அன்று பாங்கு சொன்னவர் நீட்டி ராகம் போடாதவர். பாங்கு முடிந்ததும் நானா சத்தத்தைக் கூட்டினார். பாட்டு நட்டநடுவில், மேளம் ஒரு அடி ஓங்கி அடிக்கிற இடத்தில் வெளியே வந்தது. அந்த அடியில் நிலானியின் கால் ஜம்பிலிருந்து பனியில் இறங்கியது. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. அவ்வளவு நேரம் பாட்டே இல்லாமல் ஆடிய பிள்ளை, பாட்டு எங்கே போயிருந்ததோ அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது, வாய்விட்டு "அம்மாடி" என்று சொல்லிவிட்டேன். நடுவர் அப்படிச் சொல்லக்கூடாது.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் தொழுகைக்கு இடைவேளை விட்டார். புள்ளியைத் தொழுதுவிட்டு வந்து பார்த்துக்கொள்வோம் என்றார். பிரதம விருந்தினரும் தொழப் போனார், திரும்பி வரவில்லை.

நானா தொழப் போகிற வழியில் என்னிடம் ஓடிவந்தார். "டீச்சர், புள்ள நின்னுடும், மறுபடி மொதல்லேர்ந்து போட்டுக்கலாம்னு இருந்தேன். அது நிக்கவே இல்லையே. நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா?" இல்லை நானா, போய்த் தொழுங்கோ என்றேன்.

நான் நிலானியிடம் போனேன். "பாட்டு நிண்டபடியால் திருப்பி ஆடக் கேக்கலாம். கேட்டால் விடுவினம். ஆடுறியோ?"

"ஏன் டீச்சர்? நான் முடிச்சிட்டன்தானே."

"பாட்டு இல்லாமல் எப்பிடிப் போனனீ?"

"ஐ வாஸ் கவுண்டிங், டீச்சர். ஒண்டு ரெண்டு, ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு போனன்."

நான் ஏதோ தெய்வீகம் என்று புல்லரித்துக்கொண்டிருந்தேன், அவளோ மளிகைக்கடை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு முகம் சின்னதாகிவிட்டது. உங்களில் ஒருவர் இதைக் கேட்டு, அப்படியென்றால் அவள் இசையை உணரவில்லைதானே என்று கேட்கக்கூடும். எண்ணிப் பாருங்கள். குறுக்கே இன்னொரு குரல் ஒலிக்க, மனதுக்குள் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே தங்கும், எங்கே ஓடும் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டைக் கரைத்துக் குடித்தவளுக்குத்தான் அந்த எண்ணிக்கை வரும்.

நடுவர் மேசைக்குத் திரும்பி வந்தால் அங்கே ஒரு சபை கூடியிருக்கிறது. கனடா எஞ்ஜினியர் கணக்காகப் பேசினார். "இசை இல்லை. இல்லாத இசையை எப்படி வெளிப்படுத்த முடியும்? போதாததற்குக் கைதட்டலை வேறு மறந்துவிட்டாள்." அவர் ஓட்டு கரோலினுக்கு. கடிகாரக் கடைக்காரர், "டீச்சர்ஜி, பேப்பர்ல ஃபோட்டோ வரணும், ஸ்மைல் சாஹியே, சிரிப்பு வேணும்" என்றார். அதுவும் கரோலினுக்கு. ஜம்ப், ஸ்பின்னில் இரண்டு பிள்ளைகளும் ஏறக்குறையச் சமம். இரண்டாவது புள்ளிதான் முடிவு செய்யும்.

ஆனால் மேடத்தைப் பார்க்கவேண்டுமே. கன்னம் சிவந்து, கண் பளபளத்து உட்கார்ந்திருந்தார். "என்ன துணிச்சல்" என்றார் என்னிடம். "ஆட்டத்தின் நடுவில் பாட்டையே எடுத்துவிடுவது. அந்த மௌனம். அதற்குள் தூரத்திலிருந்து அந்த அரபுக் குரல். லண்டனில்கூட நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை." அவருடைய அட்டையில் நிலானிக்கு ஐந்து புள்ளி எட்டு எழுதியிருந்தது. எப்போதும் நாலரை போடுகிற கை. விளையாட்டு மாஸ்டரும் எட்டிப் பார்த்து ஐந்து புள்ளி எட்டு எழுதிவிட்டார்.

"சொல்லு, இந்த மௌனம் யாருடைய யோசனை? கசெட் வெட்டுவது நீதானே. உன்னுடையதா?"

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும், அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். தலையை ஒருதரம் ஆட்டினால் போதும். அதுகூட வேண்டாம், ஒரு புன்சிரிப்பு போதும். மேடம், மாஸ்டர், நான் என்று ஐந்தில் மூன்று பேர். நிலானி முதலாவது. தகப்பன் சொன்ன சொல் காப்பாற்றுகிறவர். பிள்ளை துபாயில் நிற்கும், ஆடும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான் பொய்கூடச் சொல்லத் தேவையில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று அந்த நுணல் நான். "மேடம், அது யோசனை இல்லை, பாங்கு" என்றேன். "பாங்கு நேரத்தில் பாட்டு நிறுத்துவார்கள். நீங்கள் இந்த ஊருக்கு வந்து எவ்வளவு காலம்?"

அந்தக் கடைசிக் கேள்வி தேவையில்லாதது. ஆனாலும் கேட்டேன்.

உண்மையைச் சொன்னால் புள்ளி இன்னும் ஏறும் என்றுதான் நான் நம்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில்லாமல் போய்ச் சரியான அடியில் வந்து சேர்ந்தாளே, இதைவிட இசையை உணர்வது வேறென்ன, நாம் புள்ளி போடவேண்டியது அதற்குத்தானே என்று விளக்கினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். "அப்படியென்றால் அது வெறும் விபத்து" என்றார். "அந்தப் பிள்ளை எதையும் சொல்ல முயலவே இல்லை. நான்தான் தவறாக நினைத்துவிட்டேன்." ஐந்து புள்ளி எட்டை வெட்டி நாலு புள்ளி எட்டு எழுதினார். வெட்டுகிற பேனாச் சத்தம் கேட்டதும் மாஸ்டரும் தன்னுடையதை வெட்டினார்.

நான் ஒருத்தி மட்டும் ஐந்து புள்ளி ஒன்பது போட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போட்டேன். நாலுக்கு ஒன்று. கரோலின் முதலாவது, நிலானி இரண்டாவது.

ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள், கணவரும் கேட்டார். மேடம் தரவிருந்த ஐந்து புள்ளி எட்டு நிலானிக்கு இல்லை. நிலானி செய்யாத ஒன்றுக்கு. அவள் செய்தது அந்த அட்டையில் எங்கேயும் இல்லாமலே போயிருக்கும். இப்படி எல்லாம் இன்று நியாயம் சொல்கிறேன். அன்றைக்கோ, என் நேர்மைக்கு விலை கொடுக்கப் போகிறது ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை என்று நினைக்க அழுகை வந்தது. இரண்டும் உண்மைதான், ஒன்று மற்றதை அழிக்காது. நடுவராக இருப்பது சுகமான தொழில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பரிசு வாங்கிய கரோலின் நேராக நிலானியிடம் போனாள். "பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? எனக்கும் சொல்லிக்கொடு" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஐந்து நடுவர்களும் ஒரு நிபுணரும் இருந்த ஊரில் என்னைத் தவிர அதைக் கவனித்தது அந்தச் சாவி கொடுத்த பொம்மை ஒன்றுதான். பிள்ளைகளைக் குறைசொல்லாதீர்கள், சாவி கொடுக்கிறவர்களைச் சொல்லுங்கள்.

அடுத்த சீசனில் நடந்த கூத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேடம் முதலில் பரவசப்பட்ட கதை எப்படியோ பயிற்சியாளர்கள் காதுக்குப் போயிருக்கிறது. மூன்று பேர் தங்கள் பிள்ளைகளின் பாட்டை நடுவில் வெட்டி மௌனம் வைத்துத் தரும்படி என்னிடம் கசெட்டோடு வந்தார்கள். மௌனம் வந்ததும் பிள்ளைகள் கையை நெஞ்சில் வைத்துக் கூரையைப் பார்த்து நின்றன. ஒரு பிள்ளை பாட்டு திரும்பி வந்ததைக் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மேடம் மூன்று பேருக்கும் ஐந்தரைக்கு மேல் போட்டார். யோசனை அல்லவா.

சரி, அன்றைய மாலைக்கு வருகிறேன். ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சிவராசா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிலானி பக்கத்தில் வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் போய் முன்னால் நின்றேன்.

"ரெண்டாவது" என்றார் சிவராசா.

"ஓம்."

"நான் முதலாவது எண்டுதான் சொன்னனான்."

"ஓம். நானும் கேட்டனான்."

அவர் பேப்பரை மடித்தார். "பாட்டு நிண்டாப் பிறகும் போனது சரி. ஏன் கை தட்டேல்லை? பாட்டு தட்டுற இடத்தில ரெண்டு தட்டு இருக்கெல்லோ. முதல் ஜம்ப் முடிஞ்சு ஒருக்கா, அந்த நீட்டுச் சுத்துக்கு முன்னால இன்னொருக்கா. வீட்டில கோப்பை கழுவேக்கையும் அந்த இடத்தில தட்டுறவள். அதுக்கும் மாக்ஸ் வெட்டியிருப்பினம்."

நான் அவரைப் பார்த்தேன். பேப்பரை விட்டுக் கண்ணைத் தூக்காத மனிதர், எந்த ஜம்புக்குப் பிறகு எந்தத் தட்டு என்று சொல்கிறார்.

"வெட்டினவைதான்" என்றேன். "பயத்தில மறந்திட்டாள்."

"மறக்கேல்லை டீச்சர்" என்றாள் நிலானி. தகப்பனைப் பார்த்துத்தான் சொன்னாள். "பாங்கு சொல்லேக்க எப்பிடியப்பா கை தட்டுறது?"

ஐந்து புள்ளி ஒன்பது போட்ட பெரிய மனுசி, எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பாட்டை மனதுக்குள் எண்ணிக்கொண்டே, வெளியே ஒலித்த குரலையும் அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கேட்டுக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

சிவராசா என் பக்கம் திரும்பிக் கேட்டார். "டீச்சர், இதுக்கு மாக்ஸ் போட உங்கட சீட்டில ஒரு கட்டம் இல்லையோ?"

"இல்லை."

"முதலாவதுக்குள்ளயும் வராதோ? ரெண்டாவதுக்குள்ளயும் வராதோ?"

"வராது."

"அப்ப பிழை உங்கட கணக்கில" என்றார் அந்தக் கணக்காளர். "பிழையான கணக்கை வைச்சுக்கொண்டு நான் என்ர பிள்ளையின்ர விசயத்தை முடிவெடுக்கேலாது." எழுந்து மகளின் சப்பாத்துப் பையைத் தன் தோளில் மாட்டினார். "வா, போற வழியில சித்தி வீட்டை இறங்கிக் கதைச்சிட்டுப் போவம்."